அடுத்தவர் கார்டு

“மாமா, உங்க கார்டுல லிமிட் எவ்ளோ இருக்கு?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனன் போன் போட்டு இப்படிக் கேட்டால், நலம் விசாரிக்க அழைக்கவில்லை என்பது எந்த மாமாவுக்கும் புரியும். அவன் கார்டு நிரம்பிவிட்டது. கெடு தேதி செவ்வாய்க்கிழமை. மாமாவின் கார்டைத் தேய்த்து, வரும் பணத்தை அவன் கார்டில் கட்ட வேண்டும். அடுத்த மாதம் அவன் கார்டைத் தேய்த்து மாமாவுக்குக் கட்டிவிடுவானாம். சத்தியம். அக்கா பக்கத்திலேயே நின்று காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். மாமா எப்படி மறுப்பார்?

தேய்த்தார்கள். இப்போது பில் மாமா பெயரில். வட்டி மாமா பெயரில். சிபில் மாமா பெயரில். நிம்மதி மட்டும் மைத்துனன் பெயரில்.

தேய்க்கும் கடைக்குப் பஞ்சமே இல்லை. வெளியே ‘ரீசார்ஜ், செல்போன் கவர், டெம்பர் கிளாஸ்’ என்று போர்டு. உள்ளே கண்ணாடி மேஜைமேல் மூன்று ஸ்வைப்பிங் மிஷின், மூன்றும் மூன்று கம்பெனி பெயரில். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, எந்த பேங்க் கார்டு. இரண்டாவது, எவ்வளவு. மூன்றாவது கேள்வி கிடையாது. லட்சத்துக்கு இரண்டு பர்சென்ட் பிடித்துக்கொண்டு 98,000 எண்ணிக் கொடுப்பார். பில்லில் டிவி விற்றதாக இருக்கும். அந்த டிவியை யாரும் பார்த்ததில்லை.

இது தப்பு. அதில் சந்தேகம் வேண்டாம். விற்காத சரக்குக்கு பில், வாங்காத பொருளுக்குக் கையெழுத்து. வங்கிக்குத் தெரிந்தால் கார்டை முடக்கும், கடைக்காரரின் மிஷினைப் பிடுங்கும். தொலைக்காட்சியில் டை கட்டிய நிதி ஆலோசகர் வந்து, வரவுக்கேற்ற செலவு செய்யத் தெரியாத நடுத்தர வர்க்கத்தின் ஒழுக்கக்கேடு பற்றி அரை மணி நேரம் வருத்தப்படுவார். நடுவில் இரண்டு முறை விளம்பர இடைவேளை வரும். இரண்டிலும் கிரெடிட் கார்டு விளம்பரம் வரும்.

சரி, மைத்துனன் ஏன் இப்படி அலைகிறான்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்டில் ஒரு லட்சம் பாக்கி. மாதம் மூன்றரை சதவீத வட்டி. அதாவது 3,500 ரூபாய். அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 630 ரூபாய். கடனாளி கட்டும் வட்டியில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மத்தியும் மாநிலமும் சண்டை போடாமல் பிரித்துக்கொள்ளும் அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று. ஆக மொத்தம் 4,130. ‘மினிமம் டியூ கட்டினால் போதும் சார்’ என்கிறாள் கால் சென்டர் பெண். பல வங்கிகளில் அது ஐந்து சதவீதம், 5,000 ரூபாய். அதைக் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் கால் கிலோ தக்காளிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் தீர வருடக்கணக்கில் ஆகும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி. அச்சடிக்கிறார்கள். எறும்புக்குக் கண் வலிக்கும் எழுத்தில்.

தேய்க்கும் கடையில் 2,000 ரூபாய்தான். நேர்வழி 4,130, குறுக்குவழி 2,000. நேர்மைக்கு இந்த நாட்டில் இரண்டு மடங்கு விலை.

மூன்றரை வட்டி என்பதை நம் ஊர்க் கணக்கில் யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய். காய்கறி மார்க்கெட்டில் ஒருவர் அந்த வட்டிக்குப் பணம் விட்டால் அவருக்குப் பெயர் கந்துவட்டிக்காரர். 2003-ல் தமிழ்நாடு அதற்கென்றே சட்டம் போட்டது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதே வட்டியை, ஏசி போட்ட கிளையில், பிளாஸ்டிக் அட்டையில், ரிவார்டு பாயின்ட்டோடு வாங்கினால் அது நிதிச் சேவை.

30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-லேயே சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. தடை வாங்கின. பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, அந்த உத்தரவே ரத்தானது. வட்டியில் தலையிட ஆணையத்துக்கு அதிகாரமில்லை, அது ரிசர்வ் வங்கியின் பாடு என்றது நீதிமன்றம். கார்டு வைத்திருப்பவர்கள் தங்கள் கடமைகளைத் தெரிந்துகொண்டுதான் வாங்குகிறார்கள் என்றும் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ரிசர்வ் வங்கியிடம் போனால், வட்டி எவ்வளவு என்பதை வங்கியின் இயக்குநர் குழு முடிவு செய்துகொள்ளும், நியாயமாக இருந்தால் சரி என்கிறது. வங்கியிடம் போனால், எல்லாம் ரிசர்வ் வங்கி விதிப்படிதான் சார் என்கிறார்கள். மூன்று வாசலிலும் செருப்பைக் கழற்றி மாட்டி, கடனாளி வீட்டுக்குத் திரும்பியாயிற்று.

தேய்த்துத் தேய்த்துத் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு லட்சத்தை ஒரே கார்டில் மாதாமாதம் கட்டி, மறுபடி தேய்த்துச் சுற்றினாலே பன்னிரண்டு லட்சம் கட்டியதாகக் கணக்கு வந்துவிடும். கையில் காசில்லாமல் சுற்றியவனிடம், இவ்வளவு பணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று துறை கேட்கும். பாவம், அதைத்தான் அவனும் ஒவ்வொரு மாதமும் யோசித்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு சந்தும் இருந்தது. வீட்டு வாடகை என்று சொல்லி, செல்போன் ஆப் வழியாக, கார்டிலிருந்து மனைவி கணக்குக்கோ மாமா கணக்குக்கோ பணத்தைத் தள்ளிவிடுவார்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டே வாடகை கட்டிய உத்தமர்கள் உண்டு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியது. பல ஆப்புகள் அந்த வசதியை மூடிவிட்டன. சின்ன ஓட்டை என்றால் எப்படி அடைக்கிறார்கள் பாருங்கள்.

இத்தனைக்கும் கடனை ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாற்றுவது பாவமே இல்லை. வாரம் ஒரு முறை நமக்கே குறுஞ்செய்தி வருகிறது. ‘பிற வங்கிக் கார்டுக் கடனை எங்களிடம் மாற்றிக்கொள்ளுங்கள்! உடனடி ஒப்புதல்!’ பிராசசிங் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, தவணை வட்டி, அதன்மேலும் ஜிஎஸ்டி. மைத்துனன் செய்ததும் இதையேதான். கமிஷன் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான் குற்றம்.

மைத்துனனை இங்கேயே நிறுத்திவிட்டுப் பெரிய இடத்துக்குப் போவோம்.

2023 மே 29. மும்பை. வங்கி இயக்குநர்களை உட்காரவைத்து அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் பேசினார். வாராக்கடனை மறைக்க வங்கிகள் கையாளும் தந்திரங்களை அவரே அடுக்கினார். இரண்டு வங்கிகள் கூட்டுச் சேர்ந்து ஒன்றின் கடனை மற்றொன்று வாங்குவது, பிறகு திருப்பி விற்பது. ஒழுங்காகக் கட்டும் வாடிக்கையாளரைச் சம்மதிக்கவைத்து, முழுகிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போடச் செய்து, முழுகுவது தெரியாமல் பார்த்துக்கொள்வது. கெடு தேதி நெருங்கும் சமயத்தில் புதுக் கடன் கொடுத்துப் பழைய கடனைக் கட்டவைப்பது. வங்கியின் உள்கணக்கிலிருந்தே எடுத்துச் சரிக்கட்டிவிடுவது.

இன்னொரு முறை படியுங்கள். கெடு தேதிக்கு முன் புதுக் கடன் வாங்கிப் பழையதைக் கட்டுபவர் யார்? நம் மைத்துனன். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவரைச் சம்மதிக்கவைத்து இழுத்துவிட்டார்களே, அவர் யார்? மாமா. அக்கா காபி ஆற்றியதைத் தவிர மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது. நான்காவது தந்திரத்துக்கு மட்டும் மைத்துனனுக்கு வசதியில்லை. அவனிடம் சொந்தமாக வங்கி கிடையாது.

எந்த வங்கி, எந்த நிறுவனம் என்று ஆளுநர் பெயர் சொன்னாரா? சொல்லவில்லை. யார் கார்டும் முடக்கப்பட்டதாக அந்தப் பேச்சில் இல்லை. கவலைதான் தெரிவித்தார். கவலை தெரிவிப்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது.

அந்தக் கவலை ஆறி முடிவதற்குள், சரியாகப் பத்தாம் நாள், ஜூன் 8 அன்று, அதே ரிசர்வ் வங்கியிலிருந்து ஒரு சுற்றறிக்கை. மோசடி செய்தவரோடும், வசதியிருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரோடும்கூட வங்கிகள் சமரசம் பேசிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். சமரசம் செய்துகொண்டவர் மறுபடி கடன் கேட்க வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம்? குறைந்தது பன்னிரண்டு மாதம். வங்கி ஊழியர் சங்கங்கள் கொதித்தன. ரிசர்வ் வங்கி விளக்கம் தந்தது: இது புதிதல்ல, முன்பிருந்தே இருக்கும் ஏற்பாடுதான், அவர்கள்மீதான மற்ற தண்டனை நடவடிக்கைகள் தொடரும். ரொம்ப நாளாகவே இப்படித்தான் நடக்கிறது என்பதை ஆறுதலாகச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

மைத்துனனும் சமரசம் பேசலாம், அவனுக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு அறுபதாயிரம் கட்டி முடித்தால் அவன் சிபிலில் ‘செட்டில்டு’ என்று விழும். ஏழு வருஷம் வரை அந்தக் கறை போகாது. அதற்குள் மகளுக்குக் கல்விக் கடன் கேட்டுப் போனால், மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வேண்டுமென்றே ஏமாற்றுகிற அளவுக்கு அவன் பெரிய ஆளாக இல்லாததற்கு இது தண்டனை.

சென்னைக்கு வருவோம். சிவா இண்டஸ்ட்ரீஸ் என்று ஒரு நிறுவனம். திவால் நடவடிக்கையில் வங்கிகள் கோரிய பாக்கி 4,800 கோடிக்கு மேல். நிறுவனர் தரப்பு தருவதாகச் சொன்னது சுமார் 320 கோடி. நூறு ரூபாய்க்கு ஆறரை ரூபாய். கடன் கொடுத்தவர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். 94 சதவீதம் ஆதரவு! கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு மனசு ஒப்பவில்லை, மறுத்தது. மேல்முறையீட்டிலும் மறுப்பு. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கடன் கொடுத்தவர்களின் வணிக ஞானத்தில் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது அதன் சாரம். அதுவும் சட்டப்படிதான். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு யார் யாரெல்லாம் வருவார்கள் என்று தெரிந்திருக்கிறது.

இதே கணக்கில் மைத்துனன் ஒரு லட்சத்துக்கு 6,500 ரூபாய் தருகிறேன் என்று வங்கிக்குப் போகட்டும். வணிக ஞானம் பதில் சொல்வதற்கு முன்னால் வாட்ச்மேன் பதில் சொல்வார்.

வசூல் ஏஜெண்டுகள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடி அழுத்திச் சொன்னது. நடைமுறையில் மைத்துனனின் பாக்கி அவன் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன் எதிர்வீட்டுக்குத் தெரிகிறது. ஆபீஸ் ரிசப்ஷனிஸ்டுக்குத் தெரிகிறது. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வருகிறது. இந்த ஏஜெண்டுகளின் திறமையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அரசு நாடாளுமன்றத்தில் 2025 மார்ச்சில் தந்த கணக்குப்படி, பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். நீக்கினாலும் வசூல் முயற்சி தொடரும் என்று அமைச்சர்கள் ஒவ்வொரு முறையும் ஒப்பிக்கிறார்கள். நல்லது. அந்தப் பந்தியில் போன் செய்த பையனை அங்கே அனுப்பிப் பாருங்களேன்.

வங்கிகள் மட்டும்தானா? அரசாங்கங்களுக்கும் கார்டு மாற்றத் தெரியும். ஏர் இந்தியாவை விற்கும்போது அதன்மேல் 61,562 கோடி கடன் இருந்தது. வாங்கியவர் ஏற்றுக்கொண்டது 15,300 கோடி. மீதி 46,262 கோடி, அதற்கென்றே வைத்திருந்த ஓர் அரசு நிறுவனத்தின் தலையில் இறங்கியது. 14,718 கோடிக்கு நிலம், கட்டடமும் கூடவே வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவர்களும் சேர்ந்துதான் அந்த மீதியைக் கட்டுகிறார்கள். ஜன்னல் சீட்டு யாருக்கு என்று கேட்காதீர்கள்.

நம் மின்வாரியம். மாநில மின் நிறுவனங்களின் கடனில் முக்கால் பங்கை மாநில அரசுகளே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு உதய் திட்டம் கொண்டுவந்தது. ஜெயலலிதா எதிர்த்துக்கொண்டிருந்தார். 2016 டிசம்பரில் மறைந்தார். 2017 ஜனவரியில் தமிழ்நாடு கையெழுத்துப் போட்டது. மின்வாரியத்தின் 22,815 கோடி கடன் மாநில அரசின் கார்டுக்கு மாறியது. காலியான கார்டை வாரியம் என்ன செய்யும்? மைத்துனன் என்ன செய்வானோ அதைத்தான். 2021-ல் புது அரசு வந்து பார்த்தபோது மின்வாரியத்தின் கடன் லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. பிறகும் ஏறியது. வாரியத்தின் பெயர்கூட மாறியது. மீட்டர் ரீடர் மட்டும் அதே ஆள், அதே சைக்கிள்.

அந்த 2021 ஆகஸ்டில்தான் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். முந்தைய ஆட்சியின் நிதி லட்சணத்தைத் தோலுரிக்கும் அறிக்கை. மாநிலத்தின் கடன் 5.7 லட்சம் கோடி. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் என்று ரூபாய் சுத்தமாகச் சொன்னார். பைசாவை விட்டதற்கு நன்றி. தேநீர்க் கடை வரை அந்த எண் பேசப்பட்டது. அப்புறம் என்ன ஆயிற்று? 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி 2026 மார்ச் கடைசியில் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி. அதே குடும்பக் கணக்கால் நீங்களே வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு 4 லட்சத்து 30 ஆயிரம் வரும். மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டுத்தான் கடனைப் பார்க்க வேண்டும், குடும்பத்தால் வகுப்பது பொருளாதாரமே ஆகாது என்று பிறகு அதே ஆட்சியினர் பாடம் எடுத்தார்கள். இருக்கட்டும். அந்தப் பாடத்தை வகுப்பதற்கு முன்னால் எடுத்திருக்கலாம். 2021-ல் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனவர்களோ அதுவரை தாங்கள் தேய்த்த கார்டை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஆக, சட்டைப்பையில் கார்டே இல்லாதவர் பெயரிலும் ஒரு கார்டு இருக்கிறது. லிமிட் என்னவென்று அவருக்குச் சொல்லவில்லை. பின் நம்பர் அவரிடம் இல்லை. எங்கே தேய்த்தார்கள் என்று குறுஞ்செய்தியும் வருவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் அவர் கையெழுத்தே போடவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விரலில் மை வைத்துக்கொண்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு ரிசர்வ் வங்கியிடம் ஒரு அருமையான விதி இருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளியிட்ட கிரெடிட் கார்டு நெறிமுறைகளில், வாடிக்கையாளர் கேட்காமல் கார்டு கொடுக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்மதமில்லாமல் கொடுத்து பில்லும் அனுப்பினால், கார்டு கொடுத்த நிறுவனம் உடனே அந்த பில்லைத் திரும்பப் பெற வேண்டும். அதோடு விடாமல், அந்தத் தொகையைப்போல இரண்டு மடங்கை அபராதமாக அவருக்கே கொடுக்க வேண்டும்.

4 லட்சத்து 30 ஆயிரத்துக்கு இரண்டு மடங்கு, 8 லட்சத்து 60 ஆயிரம். குடும்பத்துக்கு. ரேஷன் கார்டு, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் தயாராக வைத்திருக்கிறோம். எந்தக் கவுண்டர், டோக்கன் எத்தனை மணிக்குத் தருவார்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.